கடைசி வரிகளில் இருப்பவர்கள்

1962 மார்ச் 2ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்ற சிற்றூரில் ஒரு கூடைப்பந்தாட்டம் நடந்தது. பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயோர்க் நிக்ஸ் 147. அதன் புள்ளித்தாளைப் பேரன் அச்செடுத்துத் தந்தான். யார் கையில் கொடுத்தாலும் கண் நேரே ஒரு பெயரில்தான் போய் நிற்கும்: வில்ட் சேம்பர்லெயின். 63 தடவை கூடைக்கு எறிந்து 36 தடவை விழுத்தியிருக்கிறார். எதிரணியின் பிழைகளுக்காகக் கிடைத்த 32 இலவச எறிதல்களில் 28 உள்ளே போயிருக்கின்றன. 36ஐ இரண்டால் பெருக்கி 28ஐக் கூட்டுங்கள். 100. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பாடநூலில் வரும் மாம்பழக் கணக்கையும் ரயில் கணக்கையும் விட, ஆட்டக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எந்த ஆட்டத்தின் தாள் கிடைத்தாலும் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன். இந்தத் தாளிலும் வாரியர்ஸ் அணியின் அடிவரிகளில்தான் நின்றேன். ஜோ ருக்லிக், புள்ளி 0. டெட் லக்கன்பில், புள்ளி 0.

ஆட்டம் முடிய 46 விநாடி இருக்கும்போது சேம்பர்லெயினுக்கு 98 புள்ளி. அவர் எறிந்தது தவறியது. தவறிய பந்தைப் பிடித்துத் திரும்பவும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் லக்கன்பில். அதை வாங்கி, கூடையருகே நின்ற சேம்பர்லெயினுக்கு உயரத் தூக்கிப் போட்டவர் ருக்லிக். பந்து உள்ளே போனது. சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. எல்லாரும் சேம்பர்லெயினைச் சூழ்ந்த அந்த நேரத்தில் ருக்லிக் கணக்கெழுதும் மேசைக்குப் போனார். கடைசிப் பந்தை எடுத்துக் கொடுத்தவன் தான்தான் என்பதை எழுதியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். எழுதியிருந்தார்கள். தாளில் இன்றும் இருக்கிறது: ருக்லிக், புள்ளி 0, அசிஸ்ட் 1.

இதைச் சின்னத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை. கொண்டாட்டத்துக்கு நடுவில் பதிவேடு இருக்கும் பக்கம் நடந்துபோகிற புத்தி எல்லாருக்கும் வராது. எங்கள் சனத்துக்கு அந்தப் புத்தி வர எத்தனை தலைமுறை பிடித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

தாளை இன்னும் கொஞ்சம் படிப்போம். சேம்பர்லெயினின் 100 போக வாரியர்ஸில் மற்றவர்கள் எடுத்தது 69. அதில் அல் அட்டில்ஸ் 17. அவர் கூடைக்கு எறிந்தது 8 தடவை, எட்டும் விழுந்தன. கிடைத்த ஒரே இலவச எறிதலும் விழுந்தது. அன்றிரவு ஒன்றைக்கூடத் தவறவிடாத அந்த மனிதரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கை ரொட்ஜர்ஸ் எடுத்தது 11 புள்ளி, ஆனால் மற்றவர்கள் புள்ளி எடுக்கப் பந்து கொடுத்தது 20 தடவை. மறுபக்கம் நிக்ஸ் அணியில் ரிச்சி குவரின் 39 புள்ளி. வேறொரு நாளாக இருந்திருந்தால் தலைப்புச் செய்தி அவர்தான்.

நிக்ஸின் டரல் இம்ஹொஃப் என்பவரையும் பாருங்கள். சேம்பர்லெயினைத் தடுக்கும் பொறுப்பு அவருடையது. 100 புள்ளியை விட்டுக்கொடுத்தவர் என்ற பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. ஆட்டம் 48 நிமிடம். ஆறு பிழைக்கு வெளியே போக வேண்டும் என்ற விதியால் இம்ஹொஃப் உள்ளே நின்றது 20 நிமிடம். பாதி ஆட்டத்துக்குமேல் அவர் களத்திலேயே இல்லை. ஒரு மனிதன்மேல் விழுந்த பழியை, நிமிடம் என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருந்த காரணத்தால் அதே தாள் பாதியாகக் குறைக்கிறது. அந்தக் கட்டம் இல்லாமற் போயிருந்தால் அவர் சார்பில் பேச எந்தச் சாட்சியும் இருந்திருக்காது.

இல்லாத கட்டங்களும் உண்டு. எதிரியின் எறிதலைத் தட்டிவிடுவதும், பந்தைப் பறிப்பதும் என்.பி.ஏ. கணக்கில் ஏறியது 1973-74 பருவத்தில்தான். சேம்பர்லெயின் அதற்கு முந்திய பருவத்தோடு அந்த லீக்கில் ஆடி முடித்துவிட்டார். ஆளோ ஏழடிக்கு மேல். தன் காலத்தில் எத்தனை எறிதலைத் தட்டிவிட்டிருப்பார்! அதிகாரபூர்வக் கணக்கில் ஒன்றுமே இல்லை. செய்யாததால் வந்த வெறுமை இல்லை அது. எண்ண வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஹெர்ஷி ஆட்டம் தொலைக்காட்சியிலும் வரவில்லை. நேரில் பார்த்தவர்கள் என்று பதிவானது 4,124 பேர். நமக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம் வானொலி ஒலிப்பதிவு, சில புகைப்படங்கள், இந்தத் தாள். அன்றைக்குக் கணக்குப் பார்த்த ஹார்வி பொலக், அதே இரவில் செய்தி நிறுவனங்களுக்கும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக் காகிதத்தில் 100 என்று எழுதிச் சேம்பர்லெயின் கையில் கொடுத்தவரும் அவரே. உலகம் முழுக்கப் பரவியது அந்தப் படம். எழுதியவர் படத்தில் இல்லை.

எங்கள் சப்ரகமுவத் தோட்டங்களிலும் வாழ்க்கை இப்படி ஒரு தாளில்தான் ஓடியது. செக்ரோல் என்பார்கள். பெரட்டில் ஆள் எண்ணி, மலைக்கு அனுப்பி, அந்தியில் ஆபிஸில் பேர் பதிவார்கள். முழுப் பேரா அரைப் பேரா என்பதில் அந்த வீட்டின் இராச்சாப்பாடு தீர்மானமாகும். கொழுந்துக்கு ஒரு நோர்ம் உண்டு. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் மாறும். அதற்குக் கீழே போனால் அரைப் பேர் விழுகிற தோட்டங்கள் உண்டு. மேலே போனால் மேலதிகக் கிலோவுக்குக் காசு.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். மடுவத்தில் தராசுக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நிற்பதைச் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். முதுகில் ஈரச்சாக்கு, காலில் அட்டை கடித்த இரத்தம். சாக்கைக் கொக்கியில் மாட்டும் ஆளின் கை, முள் ஆடி நிற்பதற்கு முன்பே இறக்கிவிடும். கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். சாக்குக்கு இவ்வளவு கழிவு, மழைநாள் என்றால் தண்ணீருக்கு இவ்வளவு கழிவு. இரத்தினபுரி மழை எப்படி என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருடத்தில் பாதி நாள் கழிவு நாள்தான். அம்மா முள்ளைத்தான் பார்ப்பார், கணக்கப்பிள்ளையின் வாயைப் பார்க்கமாட்டார். வீட்டுக்கு வரும் வழியில் தன் எண் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லுவார். பெரும்பாலும் அது பேரேட்டில் ஏறியதைவிடக் கூடத்தான் இருக்கும்.

அந்தக் கிலோவிலும் எத்தனையோ விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒருத்தி நல்ல வீ.பி. தேயிலை மலையில் நிற்பாள். இன்னொருத்தி பாட்டன் காலத்து விதைத் தேயிலையில், செங்குத்துச் சரிவில், பாதிச் செடி செத்த நிரையில் நிற்பாள். ஒரே வேகத்தில் ஓடுகிற இரண்டு சோடிக் கைகள். தராசில் இரண்டு எண். தாளில் மலையின் பெயர் இருக்கும், மலையின் நிலை இருக்காது. ரப்பர் மலையிலும் இதே கதை. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவருக்கு மழை பிடித்தால் சிரட்டையில் நிறைவது தண்ணீர். வயதான மரமும் இளமரமும் ஒரே அளவு பால் தருமா? வாளியில் வந்த பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளக்கக் கருவி இருக்கிறது. வெட்டியவரின் கை எவ்வளவு சுத்தம், பட்டையை எவ்வளவு காயப்படுத்தாமல் வெட்டினார் என்பதை அந்த மரம் பத்து வருடம் கழித்துத்தான் சொல்லும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, கிலோவே இல்லாதவர்கள். பிள்ளைக் காம்பராவில் இருக்கும் ஆயம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் தாய்மார் கொண்டுவந்து விடும் கைக்குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்கிறவர் அவர். அவர் ஒரு நாள் வராவிட்டால் எத்தனை பெண்கள் பாதி மலையில் திரும்பி ஓடிவர வேண்டியிருக்கும்? அன்றைய மொத்தக் கிலோ என்ன ஆகும்? கவ்வாத்து வெட்டியவர்கள், கான் வெட்டியவர்கள், புல்லு வெட்டியவர்கள் எல்லாரும் இதே வகை. கவ்வாத்து வெட்டிய மலை மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். பிறகு அது தளிர்த்து அள்ளிக் கொடுக்கும்போது கிலோ எடுத்தவர்களின் பெயரில் ஏறும். நான் கிலோ எடுத்தவர்களைக் குறைத்துப் பேசவில்லை. என் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தக் கிலோவில்தான். ருக்லிக்கின் அந்த ஒற்றை அசிஸ்ட்டைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் எங்கள் பிள்ளைக் காம்பரா ஆயம்மா.

பேரேட்டில் யார் எப்படி மதிக்கப்பட்டார்கள் என்பதும் எழுதுகிறவர்களின் கையில்தான் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது தோட்டங்களில் 1984இல்தான் வந்தது. அதுவரை ஒரே பெரட்டில் நின்று, ஒரே மழையில் நனைந்து, ஒரே நாள் வேலை செய்த இருவருக்கு இரு விலை. எங்களையே எண்ணாக்கிப் பங்கிட்ட நாளும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 975,000 பேர் என்று ஒரு மொத்தம். அதில் 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பிறகு பார்த்துக்கொள்வது. பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று இரண்டாகப் பிரித்தார்கள். கூட்டல் சரி, கழித்தல் சரி, வகுத்தலும் சரி. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கக் கணக்கிலும் தம்பி மறுபக்கக் கணக்கிலும் விழுந்தார்கள். அவர்களில் சிலர் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. என் மாணவர்களுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் கணக்கையும் போடச் சொல்லுவேன். விடையைச் சரியாகப் போட்டுவிட்டு, அந்த எண்ணுக்குள் தன் வீட்டில் யார் இருந்தார்கள் என்று அம்மாவிடமோ அப்பாயியிடமோ கேட்டு வரச் சொல்லுவேன்.

இனி, நாங்கள் பெருமையோடு படிக்கும் ஒரு தாள். 1998 ஓகஸ்ட் 27 முதல் 31 வரை, லண்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான ஒரே ஒரு டெஸ்ட். முத்தையா முரளிதரனின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அதனால் அந்த ஐந்து நாளும் எங்கள் லயங்களில் ரேடியோ ஓயவில்லை. முதலில் ஆடிய இங்கிலாந்து 445. முரளி 155 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட். இலங்கை 591, சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 181. முரளி 65 ஓட்டத்துக்கு 9 விக்கெட். இலங்கைக்குப் பத்து விக்கெட் வெற்றி. முரளியின் பெயரில் 16 விக்கெட், 113.5 ஓவர். அந்தத் தோள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாலே மனம் உருகும்.

இந்தத் தாளையும் என் வழக்கப்படி கீழிருந்து படிக்கிறேன். இரண்டாவது இன்னிங்ஸில் முரளி 54.2 ஓவர் போட்டார். இங்கிலாந்து மொத்தம் 129.2 ஓவர் ஆடியது. அப்படியென்றால் மறுமுனையில் மற்றவர்கள் போட்டது 75 ஓவர். அவர்கள் எல்லாருடைய விக்கெட் கட்டத்திலும் 0. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் அடுத்த கட்டத்தைப் பார்க்கச் சொல்லுவேன். 181இல் முரளி கொடுத்தது 65. உதிரி ஓட்டங்களையும் சேர்த்தே மிச்சம் 116. எழுபத்தைந்து ஓவரில் 116 என்றால் ஓவருக்கு ஒன்றரை ஓட்டத்துக்குச் சற்று மேல். அந்தப் பக்கம் ஓட்டம் அடைத்துப் போனதால்தான் துடுப்பாட்ட வீரர்கள் இந்தப் பக்கம் முரளியிடம் துணிந்து கையை நீட்ட வேண்டி வந்தது. விக்கெட் 0 என்ற அந்த வரிகள் பக்கத்து வரியில் இருக்கிற 9ஐத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஒன்பது போக மிச்சம் ஒன்று எங்கே? இங்கிலாந்து அணித் தலைவர் அலெக் ஸ்டுவர்ட், ரன் அவுட், 32. பந்தை நேரே விக்கெட்டுக்கு எறிந்து அவரை வெளியேற்றியவர் உபுல் சந்தன. பதினொருவரில் ஒருவர்கூட இல்லை அவர், மாற்றுக் களத்தடுப்பாளராக வந்தவர். அந்தத் தாளில் அவருக்குத் துடுப்பாட்டக் கட்டமும் இல்லை, பந்துவீச்சுக் கட்டமும் இல்லை. அந்த ஒரு வரியில் அடைப்புக்குறிக்குள் மட்டும் இருக்கிறார். முரளிக்கு அந்த இன்னிங்ஸில் பத்தும் கிடைக்காமற் போனது அவரால்தானே என்று ஒரு பையன் கேட்டான். அணிக்கு வேண்டியது பத்து விக்கெட்டடா தம்பி, யார் எடுத்தால் என்ன என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் எழுதாமலே விட்டிருக்கலாமே சேர் என்றான். இல்லை, எழுதத்தான் வேண்டும். யார் எடுத்தாலும் சரி என்பது ஆடும்போது இருக்க வேண்டிய மனசு. எழுதும்போது யார் எடுத்தார் என்பது சரியாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் கூட வேலை செய்தவனின் பங்கை விழுங்குகிறார்கள்.

முரளியின் மொத்தம் 800 டெஸ்ட் விக்கெட். கடைசி விக்கெட் 2010 ஜூலையில் காலியில், இந்தியாவின் பிரக்யான் ஓஜா. பிடி எடுத்தவர் மஹேல ஜயவர்தன. அந்த 800இல் 77 விக்கெட்டுகளுக்கு எதிரே பிடித்தவர் பெயராக ஜயவர்தன இருக்கிறார். கிரிக்கெட் தாள் செய்த நல்ல காரியம் இது: பந்து போட்டவர் பெயரோடு பிடித்தவர் பெயரையும் ஒரே வரியில் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்திவிட்டார்கள். செக்ரோலில் அப்படி ஒரு வழக்கம் வந்திருந்தால் எத்தனை பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுவார், எண் மட்டும் நன்றாகத் தெரியும். லயத்துச் சுவரில் தொங்கும் கலண்டரில், அன்றன்று மடுவத்தில் சொன்ன கிலோவைத் திகதிக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதி வைப்பார். வேலைக்குப் போகாத நாளில் ஒரு கோடு. அரைப் பேர் விழுந்த நாளில் ஒரு புள்ளி. ஒரு மாதம் சம்பளத் துண்டில் இரண்டு நாள் குறைந்திருந்தது. கலண்டரையே ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு ஆபிஸுக்குப் போனார். முதலில் விரட்டினார்கள். அவர் நகரவில்லை. ஒவ்வொரு நாளாக மலையின் பெயரோடு அவர் சொல்லச் சொல்ல, பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டி வந்தது. அடுத்த மாதம் அந்த இரண்டு நாளும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் கலண்டர் கட்டங்களுக்குள் பென்சில் எழுத்து ஏறியதைக் கண்ணால் பார்த்தேன்.

தோட்டத்தில் படித்து, இன்று கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேலதிக நேரம் எவ்வளவு என்று உங்கள் கைப்பட எழுதி வையுங்கள். ஈ.பி.எஃப். பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா என்று வருடத்தில் ஒரு தடவையாவது பாருங்கள். சம்பளத் துண்டைக் கசக்கி எறியாதீர்கள். இந்த வருடம் யார் நன்றாக வேலை செய்தார் என்று எண் காட்டி உங்களைத் தட்டிக்கொடுத்தாலும் சரி, தலைகுனிய வைத்தாலும் சரி, அந்தத் தாளில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் நின்று உங்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவனின் எண்ணையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

தோட்டத்து இளைஞர்கள் பொங்கலுக்கு மென்பந்து கிரிக்கெட் போட்டி வைக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டமும் உண்டு. கணக்கெழுதும் சீ.ஆர். கொப்பியை இந்த முறை என்னிடம் கொண்டுவந்து, கட்டம் கீறித் தரச் சொன்னார்கள். கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்கு எறிந்தவர் பெயர் எழுத ஓர் இடம் கீறினேன். வலைப்பந்தில் கோல் போட்டவருக்குப் பக்கத்தில், கடைசியாகப் பந்து கொடுத்தவருக்கும் ஓர் இடம். பக்கத்தின் அடியில் கணக்கெழுதியவர் பெயரும் கையெழுத்தும். இதற்கெல்லாம் உடனே சரி என்றார்கள். முதல்நாள் இரவு மழை பெய்து மைதானம் குளமாகிவிட்டால், விடியமுன் வந்து கான் வெட்டித் தண்ணீரை வடித்து, மரத்தூள் கொட்டி ஆடுகளத்தைக் காயவைப்பவர்கள் ஐந்தாறு பேர் உண்டு, அவர்கள் ஆடுவதில்லை. அவர்களை எங்கே எழுதுவது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. அணி இல்லாதவர்களுக்கு எந்த அணியின் பக்கத்தில் இடம் கொடுப்பது என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். கொப்பியின் முதல் பக்கத்தை அவர்களுக்கு விட்டுவிடுவோம் என்று ஒரு தங்கச்சி சொன்னாள். இப்போது அணிகளின் பெயருக்கு முன்னால் அந்தப் பக்கம் வருகிறது. இந்தப் பொங்கலுக்கும் மழை பெய்ததால் அதில் ஆறு பெயர்கள் எழுதியிருக்கிறார்கள்.